“நமக்குள்ள எதுக்குடா எழுத்து?”: ஓலையிலிருந்து பார்ட்னர்ஷிப் டீட் வரை

தாம்பரத்துல இருந்து பேசுறேன். இந்த எபிசோட் ஒரு வாக்கியத்தைப் பத்தினது. நீங்களும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பீங்க, இல்ல யாராவது உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. “நமக்குள்ள எதுக்குடா எழுத்தெல்லாம்?”

நம்ம ஏரியாவுல இந்த வாக்கியத்துக்கு மவுசு அதிகம். கேம்ப் ரோட்டுல ஆரம்பிச்சு சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர் வரைக்கும் ஒரு சுத்து சுத்திப் பாருங்க. டர்ஃப், ஜிம், பிரியாணிக் கடை, கிளவுட் கிச்சன், மொபைல் சர்வீஸ், பி.ஜி. ஹாஸ்டல். இதுல நிறைய கடைங்க ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போட்டது. ஒருத்தன் ஐ.டி. வேலையில சேர்த்து வெச்ச காசைப் போடுவான். ஒருத்தன் வேலையை விட்டுட்டு வந்து கடையில உட்காருவான். மூணாவது ஆளுக்கு இடத்து ஓனரைத் தெரியும். டீக்கடை வாசல்ல பேசி முடிச்சு, அடுத்த வாரமே அட்வான்ஸ் கொடுத்துடுவாங்க.

யாராவது “ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமே”ன்னு இழுத்தா, உடனே ஒரு வரலாற்றுப் பாடம் வரும். “அந்தக் காலத்துல பெரியவங்க எல்லாம் வாய் வார்த்தையிலதான் கோடிக்கணக்குல வியாபாரம் பண்ணாங்க. வாக்கு கொடுத்தா கொடுத்ததுதான். இந்த அக்ரிமென்ட் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது.”

இந்த எபிசோட்ல நான் எடுத்துக்கிட்டது இந்தக் கடைசி வாதத்தைத்தான். நட்பு பெருசா பணம் பெருசாங்கற பட்டிமன்றத்துக்குள்ள நான் போகல. நம்ம ஊர்ல பெரியவங்க வாய் வார்த்தையில மட்டும்தான் வியாபாரம் பண்ணாங்கன்னு சொல்றது வரலாற்றுப்படி உண்மையா? அதை மட்டும் பார்ப்போம்.

குன்றத்தூர்க்காரர் எழுதிய வழக்கு

பல்லாவரத்துல இருந்து குன்றத்தூர் ரோட்டைப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல குன்றத்தூர் வந்துடும். முருகன் கோயில் மலை எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்தான் சேக்கிழாரோட சொந்த ஊர். 12-ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்க சோழன் காலம். அவர் புலவர் மட்டும் இல்லை, சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. நிர்வாகம் தெரிஞ்ச ஆள். அவர் எழுதிய பெரியபுராணத்தில், கிட்டத்தட்ட தொடக்கத்திலேயே, ஒரு முழு கோர்ட் சீன் வருகிறது.

கதை இதுதான். நம்பி ஆரூரருக்கு, அதாவது பின்னால் சுந்தரர் என்று நாம் அழைக்கிறவருக்கு, கல்யாணம். மண்டபத்தில் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். வயதான ஒரு அந்தணர் உள்ளே வந்து, “இந்தப் பையன் எனக்கு அடிமை. இவன் தாத்தா எனக்கு ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறார்” என்கிறார். கல்யாண மாப்பிள்ளைக்குக் கோபம் வருமா வராதா? துரத்திப் போய் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறார்.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையில் இருப்பவர்கள் அந்தக் கிழவரிடம் மூன்று விதமான சாட்சியம் பற்றிக் கேட்கிறார்கள். ஒன்று ஆட்சி, அதாவது நீண்ட நாளாக அப்படியே நடந்துவருகிற வழக்கம். இரண்டாவது ஆவணம், அதாவது எழுத்து. மூன்றாவது, பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் சாட்சி. மூன்றில் ஒன்றாவது காட்டு என்கிறார்கள். கிழவர் சிரிக்காத குறையாகச் சொல்கிறார்: அவன் கிழித்தது நகல்தான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது.

அடுத்து நடப்பது இன்னும் சுவாரசியம். சபையின் கரணத்தான் ஓலையை வாங்கி வாசிக்கிறான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள். அதோடு விடவில்லை. தாத்தா வேறு சமயத்தில் எழுதி, பாதுகாப்பில் வைத்திருந்த இன்னொரு ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. மாப்பிள்ளை தோற்கிறார்.

மூலம், நகல், சாட்சி, கையெழுத்து ஒப்பீடு, ஆவணக் காப்பு. 12-ஆம் நூற்றாண்டுப் புலவர் இதையெல்லாம் விளக்கம் சொல்லாமல் எழுதுகிறார் என்றால், கேட்கிறவர்களுக்கு அது பழகின விஷயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் கடல் தாண்டி வர இன்னும் சில நூற்றாண்டு இருக்கு.

ஒரு நியாயமான கேள்வி: தாத்தா எழுதிக் கொடுத்ததற்குப் பேரன் அடிமையா? இன்னிக்கு எந்த கோர்ட்டும் அந்த ஓலையைத் தூக்கிக் குப்பையில போடும். எழுத்துல இருக்குங்கறதால ஒரு விஷயம் நியாயமாயிடாது. அதை ஓரமா ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச திருப்பம் வேற. அந்தக் கிழவர் சிவன். அந்த வழக்குக்கு அப்புறம் சுந்தரருக்குக் கிடைச்ச பேர் என்ன தெரியுமா? தம்பிரான் தோழர். கடவுளோட ஃப்ரெண்ட். அதே புராணத்துல பின்னாடி, சுந்தரருக்கும் பரவையாருக்கும் சண்டை வந்தப்போ, ராத்திரியில தெருவுல நடந்து தூது போறதும் அதே சிவன்தான். தமிழ்ல சொல்லப்பட்ட நட்புக் கதைகள்ல ரொம்பப் புகழ்பெற்ற ஒண்ணு, ஒரு பத்திரத் தகராறுல ஆரம்பிக்குது. எழுத்து வந்தா நட்பு போயிடும்னு சேக்கிழார் நினைக்கல.

இது வெறும் புராணம்னு தள்ளினா, கோயில் சுவர்களைப் பாருங்க. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நில விற்பனை என்றால் நான்கு எல்லையும் இருக்கும், விலை இருக்கும், விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் இருக்கும். கடைசியில் சாட்சிகள் ஒவ்வொருவராக “இப்படி அறிவேன்” என்று கையெழுத்து வைத்திருப்பார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் பல சமயம் ஒரே ஊர்க்காரர்கள், தினமும் முகம் பார்க்கிறவர்கள். அப்படியும் எழுதினார்கள்.

செங்கல்பட்டு தாண்டிப் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919 மற்றும் 921. குடவோலை முறைக்காக எல்லாரும் பள்ளியில் படிச்சதுதான். அதில் ஒரு விதியை நாம் கவனிப்பதில்லை. வாரியத்தில் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கிய உறவினர்கள் ஒரு பட்டியலே இருக்கிறது, அவர்களும் நிற்க முடியாது. “நம்ம ஆளு, பார்த்துக்கலாம்” என்கிற மனநிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஆயிரம் வருடத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

நம்பிக்கைக்குப் பேர் போனவர்கள்

சரி, வியாபாரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வாக்குக்கும் நாணயத்துக்கும் உதாரணமாக எல்லாரும் சொல்கிறவர்கள் நகரத்தார். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து லேவாதேவி நடத்தியவர்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பணம் ரங்கூனில் இருக்கும். நடுவில் கடல். போன் கிடையாது, ஜி-பே கிடையாது. அங்கே கடையை நடத்துகிறவர் ஒரு ஏஜென்ட். பெரும்பாலும் அதே சமூகம், பல சமயம் உறவு.

“பார்த்தீங்களா, எல்லாம் நம்பிக்கைதான்” என்று இங்கேதான் கதையை முடித்துவிடுகிறோம். உண்மையில் அந்த நம்பிக்கைக்குக் கீழே காகிதம் அடுக்கடுக்காக இருந்தது. ஏஜென்ட் கப்பல் ஏறுவதற்கு முன்னால் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். வழக்கமாக மூன்று வருட ஒப்பந்தம். எவ்வளவு சம்பளம், அதில் முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் பேசி எழுதப்படும். முதலாளியின் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் தனியாக இருக்கும். அங்கே போன பிறகு தினசரி வரவு செலவுக்குக் குறிப்பு, ஆள்வாரியாகப் பேரேடு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஐந்தொகை. ஐந்தொகை என்பது இப்போது நாம் பேலன்ஸ் ஷீட் என்கிறோமே, அதுக்குத் தமிழ்ப் பேர். தவணை முடிந்து ஏஜென்ட் ஊர் திரும்பும்போது அடுத்தவரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

இன்னொரு படி மேலே போங்க. நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்று ஒன்று உண்டு. இரண்டு வீட்டாரும் இந்தத் திருமணத்துக்கு இசைந்தோம் என்று எழுதிக் கையெழுத்திடும் பத்திரம். முன்பு பனையோலையில் எழுதினார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவிலேயே எழுத்து உண்டு. அதை யாரும் “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று எடுத்துக்கொள்ளவில்லை. சடங்கு அது. எல்லாரும் செய்வது. அதனால் யாருக்கும் அவமானம் இல்லை.

எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. எழுதறது வழக்கமா இருந்தா அது சந்தேகமாத் தெரியாது. நம்ம தலைமுறையில அது வழக்கமா இல்லாததாலதான், ஒருத்தன் பேப்பர் எடுத்தா மத்தவனுக்குச் சுருக்குனு இருக்கு.

எழுதி வெச்சா எல்லாம் பத்திரம்னும் சொல்ல வரல. பர்மாவில் நகரத்தாரிடம் பத்திரங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. 1942-இல் ஜப்பானியப் படை உள்ளே வந்ததும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலத் தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அடமானமாக வந்து சேர்ந்த ஏக்கர் கணக்கான நிலம் போனது. அந்த நிலத்தில் உழுத பர்மிய விவசாயிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அது தனி எபிசோட். காகிதம் போரைத் தாங்காது. ஆனா கூட்டாளிக்கும் கூட்டாளிக்கும் நடுவுல வர்ற தகராறைத் தாங்கும். அதுக்குத்தான் அது.

1906: கூட்டாளி என்ன செய்கிறார்?

இப்போ மெட்ராஸ். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. ஆர்பத்நாட் அண்ட் கோ திவால் என்று செய்தி பரவுகிறது. அந்தக் கால மெட்ராஸில் பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்றால் மலை மாதிரி. பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், ஜமீன்தார்கள், கோயில்கள் என்று பலரும் பணம் போட்டு வைத்திருந்த இடம். ஆர்பத்நாட் என்ற பேரே உத்தரவாதம்.

அது லிமிடெட் கம்பெனி இல்லை. கூட்டாளிகள் நடத்திய நிறுவனம். மெட்ராஸில் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட். லண்டன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் பேட்ரிக் மெக்ஃபேடியன். லண்டனில் ஆபத்தான முதலீடுகளில் பணம் போய்க்கொண்டிருந்தது. திவால் செய்தி வருவதற்குச் சற்று முன்னால் மெக்ஃபேடியன் லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். பிறகு மெட்ராஸில் கணக்குப் புத்தகங்களைத் திறந்தார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் தண்டனை. நகரத்தில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது.

இந்த வீழ்ச்சியில் இருந்துதான் இந்தியன் வங்கி பிறந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார். 1907 மார்ச்சில் பதிவு, ஆகஸ்ட் 15-இல் தொழில் தொடக்கம். தனி மனிதர்களின் பெயரை நம்புவதற்குப் பதிலாகப் பங்குதாரர்கள், இயக்குநர் குழு என்று விதிகளோடு கூடிய கம்பெனி.

சர் ஜார்ஜ் அப்பாவி, கூட்டாளி ஏமாற்றிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. கோர்ட் அவரையும் குற்றவாளி என்றுதான் சொன்னது. இங்கே பார்க்க வேண்டியது கூட்டாளித்துவத்தின் அடிப்படை விதி. ஒரு கூட்டாளி தொழிலின் பேரில் செய்வது எல்லாக் கூட்டாளிகளையும் கட்டும். அவர் லண்டனில் கையெழுத்துப் போட்டால் இங்கே உங்கள் வீடு ஆட்டம் காணும். இந்த விதி கோட் சூட் போட்ட துரைக்கு மட்டும் இல்லை. மேடவாக்கத்துல ஜூஸ் கடை போட்ட உங்களுக்கும் அதேதான்.

எழுதாததைச் சட்டம் எழுதும்

இது எங்கே இருக்கு? 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் கூட்டாண்மைக்கு ஒரு அத்தியாயம் இருந்தது. பிறகு அதைத் தனியாகப் பிரித்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 என்று கொண்டுவந்தார்கள். தொண்ணூறு வருஷம் தாண்டியும் இன்னிக்கு அதுதான் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டம் வாய்வழிக் கூட்டாண்மையை ஏற்றுக்கொள்கிறது. லாபத்தைப் பகிர்வது என்று பேசி, எல்லாரும் சேர்ந்தோ, எல்லாருக்காகவும் ஒருவரோ தொழில் நடத்தினால் நீங்கள் கூட்டாளிகள். டீக்கடை வாசல் பேச்சும் ஒப்பந்தம்தான். நிறைய பேர் “எழுதவே இல்லையே, அப்போ எதுவும் என்னைக் கட்டாது”ன்னு நினைக்கிறாங்க. கட்டும். நீங்க எழுதாம விட்ட இடத்துல எல்லாம் சட்டம் தானே எழுதிக்கும்.

என்ன எழுதிக்கும்? எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் விஷயத்தை வெச்சு சொல்றேன். சேலையூர் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. ஒருத்தர் பணம் போட்டார், எட்டு லட்சம். இன்னொருத்தர் ஒரு லட்சம் போட்டுட்டு, காலையில அஞ்சு மணிக்குக் காய்கறி வாங்கறதுல இருந்து ராத்திரி கல்லா எண்ணற வரைக்கும் பார்த்துக்கிட்டார். மூணு வருஷம். கடை நல்லா ஓடுச்சு. அதுதான் பிரச்சினை. ஓடலைன்னா சேர்ந்து வருத்தப்பட்டு மூடியிருப்பாங்க. ஓடினதும் ஒரு கேள்வி வந்துச்சு: லாபம் எப்படிப் பிரியணும்? பணம் போட்டவர் மனசுல எட்டுக்கு ஒண்ணு. உழைச்சவர் மனசுல முதல்ல மாசச் சம்பளம், அதுக்கு மேல பாதிப் பங்கு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஆரம்பத்துல ரெண்டு பேரும் “பார்த்துக்கலாம்”னுதான் சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு பேர் மனசுலயும் வேற வேற அர்த்தம்.

சட்டப்படி பார்த்தா ரெண்டு பேர் நினைச்சதும் இல்லை. பிரிவு 13. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் லாபம், நஷ்டம் இரண்டும் சமபங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைப் பொறுத்து இல்லை. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டாளிக்கு உழைப்புக்கான சம்பளம் கிடையாது. அதாவது பணம் போட்டவருக்கு எட்டுக்கு ஒண்ணு இல்லை, உழைச்சவருக்குச் சம்பளம் இல்லை. ரெண்டு பேருக்கும் அதிர்ச்சி.

இன்னும் சில இருக்கு. பிரிவு 25: தொழிலின் கடனுக்குக் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். “என் பங்கு பாதிதான் சார்” என்று அவரிடம் சொல்ல முடியாது. பிரிவு 42: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்ததும் கூட்டாண்மை கலைந்துவிடும். பிரிவு 43: காலமோ முடிவோ பேசாத கூட்டாண்மையை, ஒருவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கலைத்துவிடலாம். இதைக் கவனிச்சீங்களா? ஆரம்பிக்க எழுத்து வேண்டாம். முடிக்கிறதுக்கு எழுத்து வேணும்.

எல்லாத்துக்கும் மேல பிரிவு 69. ஃபர்ம் பதிவு செய்யப்படவில்லை என்றால், ஒப்பந்தத்தால் வந்த உரிமைக்காக ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளி மேல் வழக்குப் போட முடியாது. பாக்கி வைத்திருக்கிற வெளியாள் மேலும் ஃபர்ம் வழக்குப் போட முடியாது. ஆனால் வெளியாள் உங்கள் மேல் போடலாம். உங்களுக்கு மிச்சம் இருக்கிற முக்கியமான வழி, கூட்டாண்மையைக் கலைக்கச் சொல்லியோ, கலைந்த பிறகு கணக்குக் கேட்டோ வழக்குப் போடுவது. கடையை உயிரோடு வைத்துக்கொண்டு நியாயம் கேட்க முடியாது, கடையை மூடித்தான் கேட்க முடியும். பதிவு கட்டாயம் இல்லை என்று சட்டம் சொல்லும். ஆனா பதிவு செய்யாதவங்களுக்கு இந்தக் கதவு பூட்டு.

இதுலயும் சிக்கல் உண்டு. நம்ம ஏரியாக் கடைகள்ல வாடகை ஒப்பந்தம் ஒருத்தர் பேர்ல இருக்கும். ஜி.எஸ்.டி. அதே பேர்ல, உணவு லைசென்ஸ் அதே பேர்ல, கியூ.ஆர். கோடு போய்ச் சேர்ற அக்கவுன்ட்டும் அதே பேர்ல. அப்போ இன்னொருத்தர் முதல்ல நிரூபிக்க வேண்டியது எவ்வளவு பங்குன்னு இல்ல, நானும் ஒரு கூட்டாளின்னு. கேட்டா “அவன் எனக்குக் கடன் கொடுத்தான்”, “அவன் வேலைக்கு இருந்தான்”னு சொல்லிடலாம். திருவெண்ணெய்நல்லூர் சபை கேட்ட அதே மூணு கேள்விதான் அவர் முன்னாடி நிக்கும். வழக்கமா எப்படி நடந்துச்சு? எழுத்து இருக்கா? பார்த்த ஆள் இருக்கா?

சாலிகிராமத்தில் ஒரு அறை

பணமும் மோசடியும் இல்லாமலேயே இது எப்படி முடியும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று. எல்லாரும் செய்தியில் பார்த்தது. சாலிகிராமம் பிரசாத் ஸ்டூடியோ. எல்.வி. பிரசாத் நிறுவியது. 1976-இல் அன்னக்கிளி மூலம் அறிமுகமான இளையராஜா, அந்த வளாகத்தில் ஒரு ஒலிப்பதிவு அறையை நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்தி வந்தார். நம்ம பெற்றோர் கேட்டு வளர்ந்த எத்தனையோ பாட்டு அங்கே உருவானது. எல்.வி. பிரசாத் மரியாதையின் பேரில், அன்பின் பேரில் கொடுத்த இடம் என்றுதான் செய்திகளில் வந்தது.

எல்.வி. பிரசாத் 1994-இல் காலமானார். நிர்வாகம் அடுத்தடுத்த தலைமுறைக்கு வந்தது. 2019-இல் இடத்தைக் காலி செய்யச் சொன்னதில் தகராறு. சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. 2020 டிசம்பரில், அந்த இடத்தின் மேல் உரிமை கோருவதைக் கைவிட்டு, ஒரே ஒரு நாள் உள்ளே போய்த் தன் பொருட்களை எடுத்துக்கொள்ள ஏற்பாடு ஆனது. 2021 பிப்ரவரியில் அவர் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார்.

யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. இரண்டு பக்கமும் வாதம் இருந்தது. இடத்துக்குச் சொந்தக்காரர் தன் இடத்தைக் கேட்பதும், வாழ்நாள் முழுக்க உழைத்த அறையை ஒருவர் விட மனமில்லாமல் இருப்பதும் புரியக்கூடியவைதான். எனக்கு அதுல தெரியறது இது: அந்த ஏற்பாட்டைச் செஞ்ச ரெண்டு பேருக்கு நடுவுல பிரச்சினையே வரல. ஒருத்தர் போன பிறகுதான் வந்துச்சு. நட்பு ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கும். தொழிலும் இடமும் அடுத்த தலைமுறைக்குப் போகும். புதுசா வர்றவங்களுக்கு அந்த நட்பு எப்படி இருந்துச்சுன்னு தெரியாது. அவங்க கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல.

நம்ம அளவுல யோசிங்க. உங்க பார்ட்னருக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகும். அவன் மனைவி “நம்ம சேமிப்பு எல்லாம் எங்கே இருக்கு?”ன்னு கேப்பாங்க, கேக்கத்தான் செய்யணும். இல்ல அவனுக்குக் கனடாவுல வேலை கிடைக்கும். இல்ல, சொல்ல மனசு வராது, ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு விபத்து. அவன் அம்மா உங்ககிட்ட வந்து “என் பையன் உங்ககிட்ட எவ்வளவுப்பா போட்டிருந்தான்?”னு கேட்டா, நீங்க சொல்ற தொகையை அவங்க நம்பறதுக்கு என்ன இருக்கு? நீங்க நேர்மையானவர்தான். அதை அந்த அம்மாவுக்கு எதை வெச்சுக் காட்டுவீங்க?

அப்போ என்ன எழுதறது?

ரொம்பப் பெருசா வேண்டாம். யார் எவ்வளவு போட்டாங்க, அது முதலீடா கடனா. யார் என்ன வேலை, அதுக்குத் தனிச் சம்பளம் உண்டா. லாபம் எப்படி, நஷ்டம் எப்படி. பேங்க்ல எவ்வளவுக்கு மேல போனா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். வாடகை ஒப்பந்தம், லைசென்ஸ், கடை போன் நம்பர், இன்ஸ்டா பக்கம் யார் பேர்ல, பிரிஞ்சா யாருக்கு. ஒருத்தர் விலகினா அவர் பங்கை எப்படிக் கணக்குப் போடறது, எத்தனை மாசத்துல கொடுக்கறது. ஒருத்தர் இறந்துட்டா அவர் வீட்டுக்கு என்ன போகும். சண்டை வந்தா முதல்ல எந்தப் பொது ஆள்கிட்ட போறது.

இதை முத்திரைத் தாள்ல பார்ட்னர்ஷிப் டீடா எழுதி, ஒரு வக்கீல்கிட்டயோ ஆடிட்டர்கிட்டயோ காட்டி, பதிவுத்துறையில ஃபர்மைப் பதிவு பண்ணிடுங்க. கொஞ்சம் பெரிய தொழில்னா 2008-ஆம் வருட எல்.எல்.பி. சட்டம் இருக்கு, தொழிலோட கடன் பொதுவா உங்க சொந்தச் சொத்து வரைக்கும் வராது. ஆனா அதுலயும் நீங்க ஒப்பந்தம் எழுதலைன்னா சட்டத்தோட அட்டவணையில இருக்கறதுதான் உங்களுக்கு விதி.

ஏற்கனவே எழுதாம ஆரம்பிச்சாச்சா? இப்போ எழுதலாம், தப்பே இல்ல. அது வரைக்கும் மாசாமாசம் வரவு செலவை ரெண்டு பேருக்கும் மெயில்ல அனுப்புங்க, மத்தவர் “சரி”ன்னு பதில் போடட்டும். பணம் கையில கொடுக்காம பேங்க் வழியா போங்க. வாட்ஸ்அப் மெசேஜும் சட்டம் கேக்குற சான்றிதழோட கோர்ட்ல ஆவணமா ஏறும், அதனால அழிக்காம வெச்சிருங்க. அது டீடுக்கு மாற்று இல்ல, ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு மேல.

நண்பன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நிறைய பேர் எனக்கு மெசேஜ் பண்ணியிருந்தீங்க. “உன்னை நம்பாம இல்லடா”ன்னு ஆரம்பிக்காதீங்க, அதுலயே சந்தேகம் வந்துடும். “நம்ம ரெண்டு பேருக்கும் ஞாபகம் ஒரே மாதிரி இருக்காது, நாளைக்கு நம்ம வீட்டுக்காரங்களுக்கும் தெரியணும்”னு சொல்லிப் பாருங்க. இசைகுடிமானத்துல ரெண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடற மாதிரி, கடை பூஜை அன்னிக்கே சாமி படத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டா இன்னும் நல்லது. சுத்தி இருக்கறவங்க சாட்சி. “இப்படி அறிவேன்”.

அப்படிக் கேட்டும் ஒருத்தர் முகம் கொடுக்காம நழுவினா, கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுடுச்சுன்னு எடுத்துக்கோங்க.

உங்க ஏரியாவுல இப்படிக் கூட்டா ஆரம்பிச்சு நல்லா நடந்துட்டு இருக்கற கடைக் கதை இருந்தா அனுப்புங்க. கெட்ட கதை நிறைய வந்துடுச்சு, நல்லது ஒண்ணு ரெண்டு வேணும். அடுத்த எபிசோட்ல பர்மாவுக்குப் போறோம்: 1942-ல நடந்தே வந்தவங்களைப் பத்தி. சந்திப்போம்.